ஏரிக்குக் காய்ச்சல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது. நான் நலம், விரல்கள்தான் கொஞ்சம் மரத்துப்போகின்றன.

இங்கே ஏரியில் குளிர் வந்துவிட்டது. வெயில் காலத்தில் கரையோரக் கோரைக்குள் துள்ளிய பாஸ் மீன், தண்ணீர் சில்லிட்டதும் ஆழத்துக்குப் போய் அசையாமல் கிடக்கும். படகுத்துறை முதலாளிக்கு இதைச் சொன்னால் ஏறவில்லை. "போன மாசம் கரையிலதானே கடிச்சுது? நீ படகை மட்டும் ஓட்டு" என்றார்.

விடுவேனா? நீ பெட்டியில் வைத்தனுப்பிய தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டேன். அது காய்ச்சல் பார்ப்பது, குளிரைக் காட்டாது என்பது அவசரத்தில் மறந்தேபோனது. "ஏரிக்குக் காய்ச்சலா?" என்று மீன்பிடிக்க வந்தவர்கள் முன்னால் முதலாளி சிரித்தார். உடனே வலது கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டேன். இருபது எண்ணுவதற்குள் எலும்பு வலித்தது. யாரையும் கேட்காமல் படகை ஆழமான நடு ஏரிக்குத் திருப்பினேன். தூண்டிலை மெதுவாக இழுக்கச் சொன்னேன். முதல் மீனே என் முழங்கை நீளம்!

"பொட்டியக் கட்டிட்டு வந்துடு" என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன் அம்மா. இன்று காலை முதலாளியே வந்து, "தண்ணி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

கம்பளிக் கையுறை ஒன்று பின்னி அனுப்பு. இடது கைக்கு மட்டும் போதும். வலது கைக்கு வேலை இருக்கிறது. கூடவே இரண்டு பக்கம் எழுது, என்னைத் திட்டியாவது.

படகுக்கு ஆள் வந்துவிட்டது.

நீ வைத்த பெயரிலேயே,
உன் அடங்காப்பிடாரி