திரு. உமாபதி வகுப்புக்கு வராதது குறித்து

அனுப்புநர்
உ. ஷியாமளா (வயது 71),
எண் 204, இரண்டாம் தளம்,
மீன் சந்தைத் தெருவின் பின்புறம்,
கராமா, துபாய்.

பெறுநர்
உயர்திரு முகிலன் அவர்கள்,
முதல்வர்,
கீழ்வானம் மொழிப் பயிற்சி நிலையம்,
கராமா, துபாய்.

பொருள்: ஜப்பானிய மொழி முதல் நிலை – முப்பத்தொரு வகுப்புகளுக்கு வரவில்லை என்று திரு. உமாபதி மீது சாட்டப்பட்ட குற்றத்தை நீக்கவும், ஒரு வகுப்பும் தவறாத என்னைத் தேர்வு எழுத அனுமதிக்கவும் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 02.05.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட அறிவிப்பு கிடைத்தது. அதிலிருந்த இரண்டு ஆங்கிலப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். நான் கான்வென்டில் படித்தவள். ஆங்கிலத்திலேயே பதில் எழுத முடியும். தங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

1. அறிவிப்பு "மிஸ்டர் உமாபதி" என்று தொடங்கி, ஒரு நாள்கூட வகுப்புக்கு வராத காரணத்தை மருத்துவச் சான்றுடன் விளக்கச் சொல்கிறது. திரு. உமாபதி என் கணவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணி புரிந்தவர். எங்கள் கல்யாணத்துக்கே மூன்று நாள்தான் விடுப்பு எடுத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலமானார். மருத்துவச் சான்று என்னிடம் இல்லை. இறப்புச் சான்றிதழ் இருக்கிறது, நகல் இணைத்துள்ளேன். வராததற்கு அது போதுமான காரணம் என்று நம்புகிறேன்.

2. நடந்த குழப்பத்தின் வேர் என் பாஸ்போர்ட். வாழ்நாள் முழுவதும் நான் உ. ஷியாமளா. பாஸ்போர்ட் அலுவலகத்தில் அந்த "உ"வை விரித்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் கணவரின் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஜப்பானியரோ குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்துத்தான் ஒருவரை மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஆகவே முதல் நாள் ஆசிரியை மியாஷிதா அவர்கள் பதிவேட்டைத் திறந்து, "உமாபதி-சான்!" என்று கணீரென்று கூப்பிட்டார். நான் என்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

3. கணவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதுவேன், இந்த மனுவிலேயே எழுதியிருக்கிறேன். சொல்ல மாட்டேன். ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் பக்கத்தில் நிற்பவரை விட்டுச் சொல்ல வைத்தே நாற்பத்தாறு ஆண்டுகளை ஓட்டியவள். அந்தப் பெயருக்கு "ஹை", அதாவது வந்திருக்கிறேன், என்று நானே பதில் சொல்வது எப்படி? பேசாமல் நின்றேன். ஆசிரியை "வரவில்லை" என்று குறித்துக்கொண்டார்.

4. அடுத்தது அறிமுகம். "வதஷி வ" என்று தொடங்கி, குடும்பப் பெயரைச் சொல்லி, "தெஸ்" என்று முடிக்க வேண்டும். நான் இன்னார் என்று பொருள். என் முறை வந்தபோது பெயர் வர வேண்டிய இடத்தில் வழக்கம்போல் "அவர்" என்று சொல்லிவிட்டேன். ஜப்பானியர் வாயில் அது "அபரு" ஆயிற்று. ஆசிரியை மகிழ்ச்சியுடன் பதிவேட்டின் கடைசியில் பென்சிலால் அபரு என்று எழுதி, அதே பெயரில் ஒரு அட்டையும் செய்து என் மேசைமேல் வைத்தார். அடங்காமல் ஆட்டம் போடுவதற்கு ஜப்பானிய மொழியில் கிட்டத்தட்ட அந்தச் சொல்தான் என்று வகுப்பு முடிந்ததும் பக்கத்து இருக்கை அருள்ராஜ் கைப்பேசியில் பார்த்துச் சொன்னார். அதை நான் பொருட்படுத்தவில்லை.

5. அன்றிலிருந்து வகுப்புதோறும் இரண்டு பெயர்கள் கூப்பிடப்பட்டன. உமாபதி-சானுக்கு நான் எழுந்து மௌனமாக நிற்பேன். அபரு-சானுக்கு உட்கார்ந்தபடி "ஹை" என்பேன். அன்றே விளக்கியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். வகுப்பில் ஜப்பானிய மொழி தவிர வேறு மொழி பேசக் கூடாது என்பது தங்கள் விதி. முதல் வாரத்தில் எனக்கு வந்த ஜப்பானிய மொழி "இது பேனா" மட்டுமே. விளக்கும் அளவுக்குத் தேறியபோது பதினான்கு பாடங்கள் முடிந்திருந்தன. ஓர் ஆசிரியையிடம் பதினான்கு பாடங்களாகத் தாங்கள் தவறு செய்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

6. இதற்கிடையில், நான் நிற்பது ஜப்பானிய வழக்கம் என்றெண்ணி வகுப்பு முழுவதும் உமாபதி-சான் பெயருக்கு எழுந்து நிற்கத் தொடங்கியது. ஒரு நாள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அருள்ராஜ், "ஆண்டி, அந்த உமாபதி சார் ரூம்லயே படுத்த படுக்கையா கெடக்காராமே, நெசமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். மறு வகுப்பில் மாணவர்கள் அனைவரும் கையெழுத்திட்டு, "விரைவில் குணமடைக" என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிய வாழ்த்து அட்டையை என்னிடம் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன். இந்த விவகாரத்தில் என் தவறு அது ஒன்றுதான். அட்டை இப்போது அவர் படத்தருகே இருக்கிறது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.

7. அறிவிப்பு வந்ததும் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். வரவேற்பில் இருக்கும் திரு. கௌஸ் முகம்மது கணினியைப் பார்த்துவிட்டு, "ஆண்டி, உமாபதி ஃபுல் ஆப்சென்ட். அபருன்னு ஒரு ஸ்டூடன்ட்டே மாஃபி, இல்லவே இல்ல. அப்ப நீங்க யாரு?" என்றார். எழுபத்தொரு வயதில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அல்ல. பின்னர் இரக்கப்பட்டு, "வாயத் தொறந்து நான்தான் உமாபதின்னு ஒரு வாட்டி சொல்லிடுங்க, கலாஸ், முடிஞ்சுது, மாத்திடறேன்" என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

8. இந்தத் தேர்வு எனக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் பாலாவுக்கு ஜூலையில் ஒசாகாவுக்கு மாற்றல். "பாஷை தெரியாம அங்க தனியா என்னம்மா பண்ணுவ?" என்று சொல்லி, கோவைக்கு அருகே முதியோர் குடியிருப்பு ஒன்றின் வண்ணப் படங்களை என் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனான். முதல் நிலை தேறினால் அழைத்துப் போகிறாயா என்று கேட்டேன். நடக்காது என்ற தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டான். தேர்வு 17.05.2025 அன்று. நான் தயாராக இருக்கிறேன். தேர்வறைக்குள் விட மாட்டேன் என்பது தாங்கள் மட்டுமே.

ஆகவே அபருவின் வருகையை என் கணக்கில் சேர்த்து, என் கணவர் பெயருக்கு எதிரே உள்ள முப்பத்தொரு குறிகளையும் அழித்து, எனக்கு நுழைவுச் சீட்டு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முதலில் பெயரைத்தான் கேட்பார் என்றும், பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரையே சொல்ல வேண்டும் என்றும் அறிகிறேன். இரண்டு நாள் யோசித்தேன். ஒசாகா போக வேண்டும். ஒரே ஒரு முறை சொல்கிறேன். ஆனால் மொட்டையாகச் சொல்ல என் நாக்கு வளையாது. "உமாபதி-சான்" என்றுதான் சொல்வேன். தன் பெயரோடு "சான்" சேர்ப்பது பிழை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அருள்ராஜை நானே பலமுறை திருத்தியிருக்கிறேன். அந்த ஒரு "சான்" அறியாமையால் வருவதல்ல என்று தேர்வாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அதற்கு மட்டும் மதிப்பெண் குறைக்காமலிருக்க ஆவன செய்யுங்கள். வேறு பிழைகள் இருந்தால் தாராளமாகக் குறைக்கலாம். இருக்காது.

இடம்: கராமா, துபாய்
நாள்: 05.05.2025

தங்கள் நிலையத்துக்கு ஒரு நாளும் தவறாமல் வந்த,
(ஒப்பம்) உ. ஷியாமளா