ஒற்றை விசில்

அன்பு மகன் ரிஜோவுக்கு அம்மா செல்லபாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அந்த மஸ்கட் வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று குடும்ப ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. அப்பாவும் சுகம் என்று எழுதப் போனேன், முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்பா இருக்கிறார். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அவர் பக்கத்துக் கட்டிலில்தான் கிடக்கிறார். பக்கவாதம் வாயைத்தான் கொண்டுபோனது, காதை விட்டுவிட்டது. அவர் கேட்கும்படி சொல்லக்கூடியதல்ல இது. உன் தங்கை ஷைஜாவின் பக்கத்து வீட்டுக்காரர் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் ஏத்தங்காய் சிப்சோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். சிப்சை அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு, கடிதத்தை மட்டும் தனியாக இருந்து படி.

இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் வெட்டு நின்றுபோய் மரங்கள் சும்மா நிற்கின்றன, திற்பரப்பில் வெள்ளம் கூடிப்போய் அருவியில் குளிக்க விடவில்லையாம். ஷைஜா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து எங்களோடு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அவள்தான் அப்பாவுக்கு நகம் வெட்டிவிடுகிறாள், நான் வெட்டினால் கையை இழுத்துக்கொள்கிறார். என் முட்டுவலி அப்படியேதான், அதைப் பற்றி நீ கேட்காதே நானும் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஞானபாய் உன்னைப் பார்க்கிற போதெல்லாம், உன்னை எங்கே பார்ப்பது, என்னைப் பார்க்கிற போதெல்லாம், ரிஜோ எப்பம் வாறான் ரிஜோ எப்பம் வாறான் என்று கேட்டு என் உயிரை எடுக்கிறாள்.

சபை ஹாலில் வைத்த மெஷினைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீயும் வெளிநாட்டில் இருக்கிற நம் சபைப் பிள்ளைகளும் சேர்ந்து வாங்கி அனுப்பினீர்களே, கேமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக இருக்கிற அந்த நீளப் பெட்டி, அது வந்த அன்று எனக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல. பெரிய பெரிய கம்பெனிகளின் கூட்ட அறைகளில் என் மகன் சுவரில் மாட்டுகிற சாமான் நம் ஊர் ஹாலிலும் வந்துவிட்டது, இனி எந்த நாட்டில் இருந்தாலும் நம் பிள்ளைகள் சபைக்கூட்டத்தில் உட்காரலாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னோடு படித்த ஸ்டெனிதான் மாட்டினான். முதலில் நடந்த கூத்து உனக்கே தெரியும். நம் ஆட்களுக்குச் சுவரில் எதை மாட்டினாலும் பழைய போதகர்மார் படங்களுக்குச் சமமாக மாட்டித்தான் பழக்கம். அதற்குக் கீழே மாட்டினால் மரியாதை இல்லை என்று கமிட்டிக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அவனும் ஏணி போட்டு மேலே மாட்டி, படங்களைப் போலவே கொஞ்சம் முன்னால் சாய்த்தும் வைத்தான். நீ அங்கேயிருந்து பார்த்துவிட்டு, ஏலே ஸ்டெனி, எல்லாருக்க உச்சந்தலையும் வழுக்கையும்தாம்ல தெரியுது, இருக்கவங்க கண்ணுக்கு நேரா எறக்கி வையிலே என்று சிரித்தாய். போதகரும் சிரித்துவிட்டார். பழைய சுவர், துளை போடப் போட சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரே வயரில் கரண்டும் வருமாம் நெட்டும் வருமாம். கீழே இறக்கிய பிறகு மேலே இருந்த துளைகளைப் பூசி அடைத்தான், இன்றைக்கும் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது.

அன்று நீ அந்த மெஷினைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொன்னாய். யார் பேசுகிறார்களோ அவர்களை அதுவே கண்டுபிடித்துப் பெரிதாகக் காட்டும், பெஞ்சு இழுக்கிற சத்தம், ஃபேன் சத்தம், காக்கா சத்தம் எதையும் சட்டை செய்யாது, மனுஷன் பேசினால் மட்டும்தான் திரும்பும் என்றாய். நம் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து ஏதாவது சொல்லிப் பார்த்தார்கள். சொன்னபடியே அது தன்னோடு சேர்த்து வைத்த டிவியில் ஆளை மாற்றி மாற்றிக் காட்டியது. பின்பெஞ்சில் இருந்து ஒருவர் இருமினார், காட்டவில்லை. இவ்வளவு புத்தியா இதற்கு என்று நானும் வாயைப் பிளந்தேன்.

அப்பா நோவு வந்த பிறகு போனில் உன் முகத்துக்கு முன்னால் வரமாட்டேன் என்கிறார், அது உனக்கு வருத்தம் என்று எனக்குத் தெரியும். நான் போனை நீட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். வாய் ஒருபக்கம் கோணியிருப்பதை நீ அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக்கூடாது என்று நாணம். நாகர்கோவிலில் இருந்து திற்பரப்பு வரைக்கும் பஸ்ஸின் படியில் நின்று ஊர் ஊராகக் கூவின ஆள், இப்போது எச்சில் வடிந்தால் துடைக்க நான் துண்டோடு நிற்கிறேன். ஆனால் ஹாலில் மெஷின் வைத்திருக்கிறார்கள், ரிஜோவும் அதில் வருவான் என்று ஷைஜா சொன்னதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். தூரத்தில் உட்கார்ந்திருந்தால் வாய் தெரியாது, ஆள் தெரியும், அவ்வளவுதான் அவர் கணக்கு. கூட்டத்தன்று சவரம் பண்ணச் சொல்லிக் கன்னத்தைத் தடவிக் காட்டினார். உன் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்திருக்கிற வெள்ளைச் சட்டையைத்தான் போடுவேன் என்று அலமாரியைக் காட்டி அடம்பிடித்தார், போட்டுவிட்டேன். ஸ்டெனி ஆட்டோ கொண்டுவந்து, தாங்கிப் பிடித்து ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான். ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில், அந்தப் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நான் பெண்கள் பக்கம். கோவிலில் எப்படியோ அப்படித்தானே நமக்கு ஹாலிலும்.

அசன ஏற்பாட்டைப் பற்றித்தான் கூட்டம். சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடப் போகிற காரியத்துக்கு எவ்வளவு சண்டை போட முடியுமோ அவ்வளவும் போட்டார்கள். ஆட்டுக்கறியா கோழியா என்று கத்தினவர்களையெல்லாம் அந்த மெஷின் அழகாகத் திரும்பித் திரும்பிக் காட்டியது. அப்பா பேசவில்லை. அவரால் முடியாது. கூட்டம் முடிகிறவரைக்கும் டிவியில் தன் முகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததுமே நீ கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் போட்டேன். கூட்டம் கொள்ளாம், நல்லா நடந்துதும்மா, எல்லாரையும் பாத்தேன், அப்பா என்ன வரல்லியா, ஒடம்பு சீணமா இருக்கா என்று கேட்டாய். உன் மேல் தப்பில்லை மக்களே, நீ கண்டதைத்தானே கேட்டாய். அப்பா அந்தச் சட்டையோடேயே கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கஞ்சியைத் தொடவில்லை.

அப்புறம்தான் அந்த விசில். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், வாய்க்குப் பலம் வர ஏதாவது ஊதச் சொல்லியிருந்தாள். பலூன் கொடுத்தால் எறிந்துவிடுவார். ஒருநாள் பழைய காக்கிச் சட்டைப் பையைக் காட்டி எடுத்துத் தரச் சொன்னார், பார்த்தால் அவருடைய கண்டக்டர் விசில். வாயின் ஒரு ஓரம் பிடிக்காது, காற்று பக்கத்தால் போய்விடும், நான் இரண்டு விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வெறும் காற்றாக வந்தது பைய பையச் சத்தமாக வந்தது. ஒருநாள் சரியாகவே வந்துவிட்டது. ஞானபாய் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். எதற்கு இவ்வளவு அவசரமும் வெப்ராளமுமாகப் பழகுகிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அடுத்த கூட்டம். அதே பெஞ்சு, அதே சட்டை. டிவியில் கட்டம் கட்டமாக வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகங்கள். உன் கட்டத்தில் மட்டும் முகமில்லை, கறுப்பில் உன் பெயர் இருந்தது. வேலையில் இருந்தபடியே கேட்டிருப்பாய். செயலாளர் பேசி நிறுத்தின இடைவெளியில் அப்பா பையிலிருந்து விசிலை எடுத்து, நன்றாக இருக்கிற இடது கையாலேயே உதட்டைப் பிடித்துக்கொண்டு ஊதினார். ஹாலே திரும்பிப் பார்த்தது. போதகர் பார்த்தார், பெண்கள் பக்கம் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். அந்த மெஷின் மட்டும் பார்க்கவில்லை. அது பாட்டுக்குச் செயலாளரையே காட்டிக்கொண்டிருந்தது. அப்பா டிவியைப் பார்த்தார், திரும்பவும் ஊதினார், அது திரும்பவில்லை. நீ சொன்னதைத்தான் அது செய்தது, மனுஷன் பேசினால் மட்டும்தானே. எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று ரிஜோ. நான் எழுந்து நடுவழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வயதுக்கு அப்படிச் செய்தவள் இல்லை நான். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். நான் சத்தமாகவே சொன்னேன், நான் ஜாஸ்பருக்க பெண்டாட்டி, எங்க வீட்டுக்காரரு இங்கதான் உண்டு, ரிஜோ மக்கா, ஒனக்க அப்பா இங்க உண்டு என்று. அப்போது திரும்பியது. டிவி நிறைய நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். அப்பா உன் பெயரைப் பார்த்து இடது கையைத் தூக்கினார். தூக்கினபடியே வைத்திருந்தார். உன் பெயர் அப்படியே இருந்தது. நீ பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போன் பண்ணிவிட்டாய், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் பார்த்திருக்கமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லையோ என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்து போதகர் ஆசீர்வாதம் சொன்னதும் டிவியில் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. உன் பெயர் மறையப் போகிற நேரத்தில் அப்பா மறுபடியும் ஊதினார். சின்னப் பிள்ளையில் அவருடைய பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம் போனவன் நீ, உனக்கு நான் சொல்லித் தர வேண்டாம். இரண்டு விசில் என்றால் போகலாம். அவர் ஊதியது ஒற்றை விசில், வண்டியை நிறுத்துவதற்கு ஊதுவது. உன் பெயர் நிற்காமல் போய்விட்டது.

ஸ்டெனி மறுநாளே வீட்டுக்கு வந்தான். அம்மா, ஒரு பட்டனை மாத்தினா ரூம் முழுக்கக் காட்டும், ரிஜோகிட்ட கேட்டு வச்சிரலாம், வெசனப்படாதீங்க என்றான். நல்ல பையன், அவன் கண்ணும் கலங்கியிருந்தது. வேண்டாம் மக்கா என்று அனுப்பிவிட்டேன். அத்தனை தலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளியாக அப்பாவை நீ தேட வேண்டாம். அந்த மெஷினில் ஒரு பிழையும் இல்லை, நீயும் ஸ்டெனியும் நன்றாகத்தான் மாட்டியிருக்கிறீர்கள். கையில் எடுத்த கட்டிடத்தில் எல்லா அறைகளும் முடியட்டும், அதற்குப் பிறகு லீவு என்கிறாய். அது முடிந்தால் இன்னொரு கட்டிடம் வரும். டாக்டர் எங்களிடம் மறைக்கவில்லை, இந்த நோவு இன்னொரு தடவை வந்தால் அவருக்கு ஆளை அடையாளம் தெரிவதே சந்தேகம் என்றார். இப்போது தெரிகிறது. உன் பெயரை எழுத்தில் பார்த்தாலே கையைத் தூக்குகிறார். அசனத்துக்கு வந்துவிடு. உனக்குக் கோபம் வந்தாலும் சரி, உன் மேலதிகாரிக்குக் கோபம் வந்தாலும் சரி, இதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏணியில் ஏறி நின்று வேலை செய்யும்போது பேச்சுக் கொடுக்காதே. வருகிற நாளை எனக்குச் சொன்னால் போதும், அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லமாட்டேன், சொன்னால் அன்றிலிருந்தே அந்தச் சட்டையைக் கழற்றமாட்டார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து உன்னை எங்கள் கண்ணில் காட்டட்டும். விசில் அவர் தலையணைக்கடியில்தான் இருக்கிறது. நீ வாசலில் வந்து நின்றால் அவர் அதைக்கூட ஊத வேண்டாம்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா செல்லபாய்