சரிவெல்லாம் சிவப்பு நாடா

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எதிர்க்கடைத் தையற்காரர் எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய், போனில் நான் பாதி சொல்லும்போதே "அப்பா, வகுப்பு இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நம் தெரு லாரி டிரைவர் நேராக உன் கையில் கொடுப்பார், நின்ற இடத்திலேயே முழுவதும் படி.

போன மாதம் உன் ஆராய்ச்சிக்கென்று, நீ பாடம் சொல்லும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, காட்டுக்கிழங்குச் சரிவில் ஒவ்வொரு கொடியாக அளந்து எண் போட்ட சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனீர்களே, அதிலிருந்து இங்கே யாரும் ஒரு கிழங்கும் தோண்டவில்லை. முதலில் பார்த்தவர் கொடியில் நார் கட்டினால் அது அவருடையது, அடுத்தவர் தொடக்கூடாது, கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும், இது உனக்குத் தெரியாததா. நாடா நார் இல்லையே என்று நானும் வாதாடிப் பார்த்தேன். உன் பெரிய அத்தை தெருக்குழாயடியில் எல்லார் எதிரிலும், "ஒரு கொடி விடாம மொத்தச் சரிவையும் உம் பொண்ணு தனக்குன்னு கட்டிட்டுப் போயிட்டா, படிச்சவளுக்கு வயிறும் பெருசு போல" என்றாள். தையற்காரர் இதை எழுதத் தயங்கினார், எழுதுங்கள் என்றேன்.

இந்த வறண்ட மாதங்களில் அவள் வீட்டு அடுப்பு கிழங்கு விற்ற காசில்தான் எரியும். இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கஞ்சியைத் தண்ணீராக்கி ஊற்றுகிறாள். உன் அம்மா கொண்டுபோன அரிசிப் பாத்திரத்தை வாசற்படி தாண்ட விடாமல் காலால் நகர்த்திவிட்டாள். அவள் மகன், உன் முரட்டு மச்சான், மழைக்குள் நாடா அவிழாவிட்டால் சரிவையே வேரோடு பிடுங்கிவிடுவேன் என்று கடப்பாரையைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். பிடுங்கினால் உன் ஆராய்ச்சியும் போச்சு, இங்கே எல்லார் சோறும் போச்சு, அடுத்த வருஷம் முளைக்க ஒரு கண்கூட மிஞ்சாது. மேகம் வேறு கூடிவிட்டது. மழை இறங்கினால் கிழங்கு நீர்கோத்து ஒன்றுக்கும் ஆகாது.

நீங்களே அறுத்துவிடலாமே என்று தையற்காரர் எழுதுவதை நிறுத்திக் கத்தரிக்கோலை நீட்டுகிறார். அவர் வந்து குடியேறியவர், பாவம். நான் அறுத்தால் மகள் பிடித்ததை அப்பன் திருடினான் என்றாகும், அப்புறம் இங்கே யார் கட்டிய நாரை யார் மதிப்பார்கள்?

உன் மேல் பழி வரக்கூடாதென்று, கட்டியதெல்லாம் விவரம் தெரியாத பிள்ளைகள், என் மகள் கூட நின்றாள், அவ்வளவுதான் என்று அத்தையிடம் அடித்துச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துச் சரிவுக்கு இழுத்துப்போனாள். பாறையோரம் வருஷாவருஷம் அவள் தோண்டுகிற அந்தத் தடித்த கொடியில் இருந்த நாடாவைக் காட்டி, "இது யார் போட்ட முடிச்சு, தம்பி? நீயே சொல்லு" என்றாள். எண் எனக்குப் படிக்கத் தெரியாது, முடிச்சு தெரியாதா? இரண்டு சுற்று சுற்றி, உள்ளே இழுத்து, வாலை மடித்துச் செருகியது, சின்னவளாக என் காலடியில் உட்கார்ந்து நீ போட்டுப் பழகியது. கையை விடுவித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அவசரத்தில் மறந்தாயா, வெறும் நாடாதானே என்று நினைத்தாயா, அதை நான் கேட்கப்போவதில்லை, அத்தை கேட்பாள்.

மன்னிப்பு எழுதி அனுப்பாதே, உதவியாளனை அனுப்பாதே. பிள்ளைகளோடு நீயே வா, அவரவர் கட்டியதை அவரவர் அவிழ்க்கட்டும். அடையாளம் வேண்டுமென்றால் அத்தையைக் கேட்டுக்கொண்டு கொடிக்குப் பக்கத்தில் கல்லை வை, குச்சியை நடு, கொடியைத் தொடாதே. அத்தை பார்க்க அவள் கொடியை முதலில் அவிழ். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, உனக்குச் சளி பிடிக்கும்.

எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் சொல்கிறேன். இதைப் படித்ததும் கிளம்பு. இங்கே மழை பெய்துவிட்டதாகக் கேள்விப்பட்டாலும் கிளம்பு. அப்போது அவிழ்க்கக் கொடி இருக்காது, அத்தை இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)