மேகத்துக்குக் காத்திருந்த வண்டி

ஜனவரி 19, ஞாயிறு

வடக்கே போக வேண்டிய தீப்பெட்டி லோடு காலையிலேயே கிளம்பிவிட்டது. கிட்டங்கியைப் பூட்டிவிட்டு வந்து வீட்டுத் தரையில் மேப்பை விரித்தேன். முதலில் இரவிகுளம். அங்கிருந்து மறையூர் வழியாக ஆனைமலை. அப்புறம் முதுமலை, பந்திப்பூர். எனக்கு வேண்டியது மலையும் காடும். புலி, யானை குறுக்கே வந்தால் வரட்டும், வராவிட்டால் வருத்தமில்லை. மலை சொன்ன இடத்தில் நிற்கும். எனக்கு அந்த மாதிரி பார்ட்டிதான் சரிப்படும்.

கேமரா வாங்கியது தீப்பெட்டி லேபிளைப் படம் எடுத்து வெளியூருக்கு அனுப்பத்தான். அது எப்போது லேபிளை விட்டு ஜன்னல் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை.

"நீங்க வண்டி ஓட்டுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன் வீட்டுக்காரவியகிட்ட.

"ஆள் வச்சு ஓட்டிக்கோ."

எனக்கு நானே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்? இந்தப் பயணத்தில் பாதி படத்துக்கு, பாதி இவியளுக்கு. இத்தனை வருஷம் நாகலாபுரம் ரூட்டில் கவர்மெண்ட் பஸ் ஓட்டிய மனுஷன். போன மே மாதம் மாலை போட்டு ரிட்டையர் பண்ணி அனுப்பினார்கள். அதோடு சரி. நான் வாங்கிய கார் வாசலில் நிற்கிறது, ஒரு நாள் கூட ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்காவ, டிவி ஓடாவிட்டாலும்.

ஏன் என்று கேட்டேன்.

"யாரு ஏறப் போறா?" என்றாவ.

எத்தனையோ பார்ட்டிகளிடம் வாயாடி ஜெயித்தவள் நான். இதைக் கேட்டு மேப்பைச் சுருட்டி வைத்தேன்.

நான் வீட்டில் கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டிய காலத்தில் இவிய பஸ் தெருமுனையைத் தாண்டும்போது ஹாரன் ரெண்டு தடவை கேட்கும். நிமிர்ந்து பார்ப்பேன். பகல் முழுக்க எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. போதுமானதாக இருந்தது.

ஜனவரி 20

கார் மேல் பூனை படுத்திருக்கிறது. விரட்டவில்லை. அதாவது ஏறியிருக்கே.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆக்டிங் டிரைவர் பேசியாச்சு. இசக்கிபாண்டி என்று ஒரு பையன். மலையில் ஓட்டியிருக்கியாலே என்றால் "கழுகுமலை வரைக்கும் போயிருக்கேன்க்கா" என்கிறான். பார்ப்போம். புறப்பாடு மார்ச் முதல் வாரம்.

தேதி என் தேர்வு. மார்ச்சில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். மருந்து முக்கின குச்சி காய வெயில் வேண்டும். மேகம் கூடினால் யூனிட்டில் வேலை நிற்கும், என் லோடும் நிற்கும். வாழ்நாள் முழுக்க மேகத்தைத் திட்டியே தொழில் செய்தவள் வேறு எந்த மாதத்தைப் பிடிப்பாள்?

ஸ்டுடியோ கண்ணபிரானிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் வானம் வெள்ளைத் துணி மாதிரி இருக்குக்கா. மேகம் இருந்தாத்தான் மலைக்கு உசுரு" என்றான்.

"உன் ஸ்டுடியோவுக்குள்ள உக்காந்துக்கிட்டு நீ மேகத்தைக் கண்டே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லாம் போச்சு.

ரூம் போட இரவிகுளம் பக்கம் போன் பண்ணினால், பிப்ரவரியும் மார்ச்சும் பார்க்கிலே ஆளே விட மாட்டார்களாம். வரையாடு குட்டி போடும் காலம். சரி, மற்ற காடுகள்? கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில் — இது தீக்காலம்மா, காடு காய்ஞ்சு கிடக்கு, எப்ப மூடுவோம்னு சொல்ல முடியாது, நம்பி வராதீங்க.

வானம் வெளுத்த மாதமாகப் பார்த்துப் பொறுக்கினேனே! வானம் வெளுத்தால் காடு காயும், காடு காய்ந்தால் தீப்பிடிக்கும் — தீப்பெட்டி விற்றுப் பிழைக்கிற எனக்கு இது தோணவில்லை பாரு. சரக்கைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இவிய திரும்பிப் பார்த்தாவ. "நீ என்ன, வரையாட்டுக்குப் பேறுகாலம் பாக்கவா கிளம்புனே?"

கோபம் வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போன பிறகுதான் உறைத்தது. ரிட்டையர் ஆன நாளிலிருந்து இவிய செய்த முதல் கேலி இது.

பிப்ரவரி 10

ரத்து இல்லை. தள்ளி வைத்திருக்கிறேன். வியாபாரத்தில் ரெண்டும் வேறே.

மார்ச் 11, செவ்வாய்

கை இன்னும் மண்ணு. இருந்தாலும் எழுதணும்.

காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. யூனிட்டுகளில் கூடை கூடையாகக் குச்சியை உள்ளே அள்ளுகிறார்கள். யூனிட்டில் வேலை பார்க்கும் முத்துச்செல்வி போனில் புலம்புகிறாள், "யக்கா, இன்னைக்கு வேலை அவ்வளவுதான்." நான் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறேன். என்ன ஒரு மேகம்! மை கொட்டினது மாதிரி. கண்ணபிரான் சொன்னது சரியோ?

கேமராவை எடுத்துக்கொண்டு இசக்கிபாண்டியைக் கூப்பிட்டேன். நாகலாபுரம் ரோட்டில் போகப் போக, மேகம் கரிசல் காட்டின் மேலேயே இறங்கி உட்காருகிறது. கீழேயும் கறுப்பு, மேலேயும் கறுப்பு, நடுவில் ஒரு கோடு வெளிச்சம். "காட்டுக்குள்ள விடுலே, கிட்டத்துல போவோம்" என்றேன். "மழை பெஞ்சிருக்கேக்கா…" என்று இழுத்தான். "விடுலே!"

நனைந்த கரிசலில் கால் வைத்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும் என்று இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? படத்து ஆசை.

கார் புதைந்தது. அவன் மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றுது, வண்டி இறங்குது. வேறு வழியில்லாமல் இவியளுக்குப் போன் பண்ணினேன். "எங்கன?" என்று மட்டும் கேட்டாவ.

வந்தது எதில்? தன் பழைய ரூட் பஸ்ஸில். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் அந்த டிரைவர் நிறுத்தி இறக்கிவிட்டான். "அண்ணாச்சி, உதவி வேணுமா?" என்று மேலிருந்து கேட்டான். "நீ போலே, டைம் ஆகுது உனக்கு" என்று அனுப்பிவிட்டாவ.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என்னைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தாவ. "ஏலே, மிதிக்காதலே! மிதிக்க மிதிக்க முங்கும். இறங்கு." வரப்பில் பிடுங்கிக் குவித்துக் கிடந்த பருத்திச் செடி மாரை அள்ளிவந்து நாலு சக்கரத்துக்கும் அடியில் கொடுத்தாவ. காலில் இருந்த மண்ணை அந்த மாரிலேயே வழித்தாவ. அப்புறம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றாவ. வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று நான் கேமராவைத் துடைத்தேன்.

ஏறினாவ.

முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. வண்டி எழுந்து தார் ரோட்டில் போய் நின்றது. இனி இறங்கிவிடுவாவ என்று நினைத்தேன். கண்ணாடி இறங்கியது.

"ஏட்டி செண்பகம், ஏறுதியா இல்லையா? டைம் ஆகுது."

ஏறினேன். இசக்கிபாண்டி பின் சீட்டில் டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்து வந்தான்.

மார்ச் 12

இவிய வரும்வரை காட்டில் நின்று எடுத்த மேகப் படம் வந்திருக்கிறது. உண்மையிலேயே வந்திருக்கிறது. கண்ணபிரான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தால் மேப் தரையில் விரிந்து கிடக்கிறது. நான் விரிக்கவில்லை.

"ஜூன்ல போவோம். சாரல் தொடங்கட்டும். காடும் திறந்திருக்கும், உனக்கு மேகமும் கிடைக்கும்" என்றாவ, தலை நிமிராமல். "போடிமெட்டுல ஏறுதப்ப விடியணும். அப்பந்தான் எதிர வண்டி கம்மி."

இசக்கிபாண்டியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிப் போன் பண்ணினேன். "அண்ணாச்சி நேத்தே சொல்லிட்டாவக்கா, வேற சவாரி பாருலேன்னு" என்று சிரிக்கிறான்.

மே 18

டயர் மாற்றியாச்சு. பூனை மதில் மேல் போய்விட்டது.

ஜூன் 8, ஞாயிறு. மறையூர், லாட்ஜ்

செக்போஸ்ட்டில் ஃபாரஸ்ட் கார்டு தீப்பெட்டி வைத்திருக்கீங்களா என்று கேட்டான். இல்லை என்று சத்தியம் பண்ணினேன். அவன் டேஷ்போர்டைத் திறந்தால் என் சாம்பிள் பண்டல்! "காட்டுக்குள்ள ஏஜென்சி எடுக்க வந்திருக்கா சார்" என்று இவிய சொல்ல, அவனுக்கே சிரிப்பு. பண்டலை அங்கேயே கொடுத்துவிட்டோம்.

இரவிகுளத்துக்குள் நம் கார் போகாது, அவர்கள் பஸ்தான். இவிய டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு தானும் காலை அழுத்திக்கொண்டே வந்தாவ. இறங்கும்போது "நல்லா ஓட்டுதான்" என்று சொன்னது பெரிய சர்டிபிகேட். வரையாட்டுக் குட்டிகள் ரோட்டோரமே மேய்ந்தன. வளர்ந்துவிட்டிருந்தன.

சாயங்காலம் இங்கே வரும் வழியில் ஒரு திருப்பம். இறங்கிக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். மேகம் மலையை மூடிவிட்டது, ஒரு துண்டு கூடத் தெரியவில்லை. நின்றேன், நின்றேன். ஒரு நிமிஷம் பிந்தினாலும் முகம் சுளிக்கிற மனுஷன் இவிய. "கிளம்பிருவோமா? டைம் ஆச்சே" என்று சத்தம் கொடுத்தேன்.

இஞ்சின் அணைந்தது. "நீ ஏறுத வரைக்கும் வண்டி நிக்கும்."

அப்புறம் மேகம் கிழிந்தது. மலை வந்தது. எடுத்தேன். எத்தனை எடுத்தேன் என்று பார்க்கவில்லை. மறுபடியும் மூடியபோது ரோடும் சேர்ந்து மூடிவிட்டது. கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்றே தெரியவில்லை. அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று போர்டு.

வெள்ளைக்குள் லைட் ரெண்டு தடவை எரிந்து அணைந்தது. அந்தப் பக்கம் நடந்தேன்.