பாலத்தில் பார்த்தவன்

பாலாஃப், மான் தீவு
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை, 1930

அன்புள்ள தம்பி ஃபின்லோவுக்கு,

அக்கா வோரி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சிசிலியிலிருந்து நீ போட்ட படக் கார்டு கிடைத்தது. எரிமலைப் படத்தை அம்மா கூடத்துக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தாக வேண்டும். அம்மாவின் முட்டிவலி குளிரோடு போகும் என்று பார்த்தோம், போகவில்லை. அப்பாவின் கறிக்கடை நன்றாக நடக்கிறது. குட்டி போட்ட ஆடுகளில் ஒன்று செத்தது, மற்றவை தேறிவிட்டன. மலைச்சரிவெல்லாம் முள்புதர் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது.

அந்தக் கார்டில், அக்கா ஏன் எழுதுவதே இல்லை என்று அம்மாவிடம் கேட்டிருந்தாய். ஜூனில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு வரும்போது என் கையால் சுட்ட பொன்னாக் ரொட்டி வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ரொட்டியைப் பற்றி இல்லை.

உன் கம்பெனியிலிருந்து இந்த வருஷமும் கடிதம் வந்துவிட்டது. மானேஜர் லாட்ச்ஃபர்ட் துரைக்கு அதே முன்னறை, மெக்கானிக்குகளுக்கு அதே மாடி, வண்டிகளுக்கு அதே கொட்டகை. அம்மா சரி என்று பதில் போட்டாள். நான் வாய் திறக்கவில்லை. கம்பெனி வராவிட்டால் நம் வீட்டில் யார் வந்து தங்குவார்கள் என்று அப்பா கேட்பார். பந்தய வாரம் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை மாற்ற வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஊரில் யாருக்கும் எதுவும் நினைவில் இருப்பதில்லை.

வில்ஃபின் அம்மா வந்திருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், லிவர்பூல் கப்பலில். முன்கூட்டி ஒரு வரி எழுதவில்லை. கையில் ஒரு தகர டப்பா, கறுப்புக் குடை. கதவைத் திறந்ததும், "நீதான் வோரியா? வில்ஃப் சொன்ன மாதிரியேதான் இருக்கே. ஆனா அவன் சொன்னதைவிட இளைச்சுட்டே" என்றாள். வாயில் சட்டென்று "அத்தை" என்றுதான் வந்தது. வில்ஃபோடு கல்யாணம் ஆகியிருந்தால் அப்படித்தானே கூப்பிட்டிருப்பேன்.

அம்மா நல்ல துணி விரித்து, ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் வைத்தாள். அப்பாவுக்குக் கடையில் திடீரென்று நிறைய வேலை வந்துவிட்டது. அத்தை சாப்பிட்டுக்கொண்டே கூடத்துச் சுவரைப் பார்த்தாள். பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட உன் படம் அங்கே தொங்குகிறது. "இந்தத் தம்பிதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "நல்ல முகம்" என்றாள்.

மறுநாள் சர்ச்சுக்குப் பிறகு, பாலத்தைக் காட்டச் சொன்னாள். கூட்டிப்போனேன். எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று கேட்டாள். காட்டினேன். பாலத்தின் முதுகில் வண்டி எப்படி அந்தரத்தில் எழும்பி இறங்கும் என்று சொன்னேன். அவள் குடை நுனியால் ரோட்டைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம் பாலத்துக்கு எதிர்வீட்டுக் கோர்லெட் வாசலில் நின்றதைப் பார்த்து நேராக அவரிடம் போனாள். "உங்க சுவத்த என் பையன் இடிச்சுட்டான்னு சொன்னாங்க. சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு எல்லாத்துலயும் அவசரம். மன்னிச்சுடுங்க ஐயா" என்றாள்.

கோர்லெட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரிலேயே வாய் அதிகம் அவருக்கு, உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியில் என்னிடமும் கேட்டாள், ஃபின்லோ. ரோட்டின் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னையும் பாதியில விட்டுட்டுப் போயிட்டான். எல்லாம் வேகத்தால. நான் சரியா வளக்கலைன்னு நெனச்சுக்கோ, ஆனா அவனைத் திட்டாதே கண்ணு" என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை ராம்சி கோர்ட்டில் பார்த்தேன்.

உனக்கு எல்லாம் மறந்திருக்கும். இத்தாலியில் வெயில் நன்றாக அடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அதனால் நான் நினைவுபடுத்துகிறேன்.

போன வருஷம், வில்ஃப் விழுந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் நம் அடுப்படியில் நாம் மூன்று பேரும்தான் இருந்தோம். நீ பந்தயத்துக்கு உன் பழைய வண்டியைத் தட்டிக்கொட்டிக்கொண்டிருந்தாய். வில்ஃப் கம்பெனி ஆள், புது வண்டிக்காரன். சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்டு, "மச்சான், முன் சக்கரத்தைத் தாங்கற ஃபோர்க் சரியில்லடா. பாலத்துல இறங்கறப்பல்லாம் முனகுது. சக்கரம் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றான். "மானேஜர்கிட்ட சொன்னியா?" என்று நீ கேட்டாய். "சொன்னேன். வேற ஃபோர்க் அடுத்த கப்பல்ல வருதாம். அதுவரைக்கும் ஓட்டு, பயமா இருந்தா சொல்லு, உன் வண்டிக்கு ஆள் வரிசையில நிக்கறாங்கன்னார்" என்றான். நீ சிரித்தாய். "அந்த வரிசையில மொதல் ஆளு நான்தான் மச்சான்" என்றாய். அவனும் சிரித்தான். அன்றைக்கு அது வெறும் கேலி.

விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்தில் அவனுக்குப் பின்னாலேயே நீ வந்தாய். நான் வாசலில் பால் வாங்க நின்றேன். சத்தம் பாலத்தில் ஏறியது, இறங்கவில்லை. நான் ஓடி வருவதற்குள் நீ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாய். உன் சட்டையெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும் நீ முதலில் சொன்னது என்ன? "ஃபோர்க் ரெண்டா போயிடுச்சுக்கா. எப்பவும் மாதிரிதான் பிரேக் போட்டு மெதுவா ஏறினான். இறங்கினதும் ஒடஞ்சு போச்சு. அவன் ஒண்ணுமே பண்ணலக்கா" என்றாய். குழந்தை மாதிரி அழுதாய். அந்த ஃபின்லோவை நான் இன்னும் நேசிக்கிறேன். அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

போலீஸ் வருமுன் கம்பெனி லாரி வந்து வண்டியை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் லாட்ச்ஃபர்ட் துரை உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போனாய். மரண விசாரணையில் கூண்டில் ஏறி, பைபிளைத் தொட்டு, நல்ல இங்கிலீஷில் சொன்னாய்: அவர் மிக வேகமாக வந்தார், பாலத்தைச் சரியாகக் கணிக்கவில்லை, வண்டியில் குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு வோரி. போனவன் நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல. அங்க நிக்கிறவன் நம்ம பிள்ளை" என்று காதோடு சொன்னார். நான் கையை உதறிக்கொண்டு நின்றேன். பேச வேண்டும் என்றேன். நேரில் பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் உட்காரம்மா என்றார்கள், மரியாதையாகத்தான். அந்தப் பொண்ணுக்கு அதிர்ச்சி, பாவம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அந்த வாரமே வில்ஃபுக்கு வைத்திருந்த வண்டியில் நீ பந்தயம் ஓடினாய். புது ஃபோர்க் கப்பலில் வந்துவிட்டது. நாலாவதாக வந்தாய். ஊரே உன்னைத் தோளில் தூக்கியது. அம்மா சந்தோஷத்தில் அழுதுகொண்டே என்னிடம் வந்து, "கல்யாணத்துக்கு முன்னாடியே நடந்துச்சே, அந்த மட்டும் நல்லது. இப்படி ஒரு வேகக்காரனைக் கட்டிக்கிட்டு நீ தினம் தினம் செத்திருப்பே" என்றாள். அவளும் அந்த ரத்தச் சட்டையோடு உன்னைப் பார்த்தவள்தான். நீ சொன்னதைக் கேட்டவள்தான். கோர்ட்டில் சொன்னதை மறுபடி மறுபடி சொல்லிச் சொல்லி அதையே நம்பிவிட்டாள். நீயும் நம்பிவிட்டாயா, ஃபின்லோ?

அதனால் வில்ஃபின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரோட்டிலேயே, நின்ற இடத்திலேயே. ஃபோர்க் முனகியதை, அவன் மானேஜரிடம் சொன்னதை, நீ என்னிடம் அழுததை, கோர்ட்டில் சொன்னதை, எல்லாவற்றையும்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஆட்டு மந்தை ஒன்று வந்தது, ஓரமாக ஒதுங்கி நின்றோம். மந்தை போன பிறகு, "அப்ப அவன் மெதுவாத்தான் வந்தானா?" என்று கேட்டாள். ஆமாம் அத்தை என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம்தான் அழுதாள்.

வீட்டுக்கு வராமல் சர்ச் மதிலில் உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேள். வில்ஃபின் அப்பா ஆமோஸ் அவர்கள் ஊரான ஓல்டம் நூல் மில்லில் பஞ்சுத் தூசு தின்றே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். வில்ஃப் பந்தயத்துக்குப் போவதே அவருக்குப் பிடிக்காது. கிளம்பும்போது இரண்டு பேருக்கும் சண்டை. "வீம்புக்காக வேகம் போக மாட்டேன்பா" என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். பத்திரிகையில் நீ சொன்னதைப் படித்துவிட்டு அவர், "சத்தியத்தைக் காப்பாத்தாதவன் என் பிள்ளை இல்ல" என்றாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் வில்ஃபின் பெயரைச் சொல்லக் கூடாது. சவ அடக்கத்துக்கும் அவர் போகவில்லை. இப்போது படுத்த படுக்கை. அடுத்த குளிருக்குத் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் வந்து சொல்றேன் அத்தை" என்றேன். தலையை ஆட்டினாள். "நீ சொன்னா நம்ப மாட்டாருடி. அவனைக் கட்டிக்க இருந்தவ, அவனுக்காகப் பேசறேம்பார். நான் சொன்னா பெத்த பாசம்பார். பாத்தவன் சொல்லணும்" என்றாள்.

கப்பலேறும் முன் தகர டப்பாவை என்னிடம் கொடுத்தாள். உள்ளே ஒரு மஃப்ளர். குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து உனக்காகப் பின்னியது. கடைசி நேரத்தில் மகன் கூட இருந்தவனுக்கு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எடுத்துட்டுப் போயிடுங்க அத்தை" என்றேன். "என் பையன் தலையை மடியில வச்சிருந்தானே, அது பொய்யில்லையே?" என்று கேட்டாள். அது பொய்யில்லை என்றேன். "அப்ப குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் கட்டிலின் மேல் வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்வதோ வேண்டாமோ, உன் பாடு.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், நாங்கள் ரோட்டில் பேசியதைக் கேட்ட கோர்லெட் சொல்லியிருக்கிறார். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. "தம்பி சோத்துல மண்ணைப் போடப் பாக்கறியா?" என்று மட்டும் கேட்டார். மண் யார் மேல் விழுந்தது என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நான் உன்னைக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடச் சொல்லவில்லை. உன் வேலை உன்னிடமே இருக்கட்டும், வண்டி இருக்கட்டும், லாட்ச்ஃபர்ட் துரை இருக்கட்டும். ஓல்டம் ஊரில் சாகக் கிடக்கிற ஒரு மனிதருக்கு ஒரே ஒரு கடிதம் எழுது. உங்கள் மகன் சத்தியத்தைக் காப்பாற்றினான், மெதுவாகத்தான் வந்தான், நான் பார்த்தேன் என்று எழுது. அதற்கு நல்ல இங்கிலீஷ் தேவையில்லை. அன்று காலை என்னிடம் அழுதுகொண்டே எப்படிச் சொன்னாயோ, அப்படியே எழுது. உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அந்த வீட்டில் யாருக்கும் அந்தக் குணம் கிடையாது.

ஜூனில் நான் இங்கே இருக்க மாட்டேன். அத்தையால் தனியாக அவரைத் தூக்கிப் படுக்கவைக்க முடியவில்லை. கூடமாட இருக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மே மாசக் கடைசியில் கிளம்புகிறேன். உன் ரொட்டியை அம்மா சுடுவாள்.

பந்தயம் அன்று சாப்பாட்டுக்கு முன் அந்த வீட்டில் ஜெபம் சொல்வார்கள். அத்தை உன் பெயரையும் சேர்த்துச் சொல்வாள். ஆண்டவரே, அந்தப் பிள்ளையைப் பத்திரமாக வீடு சேர்த்துவிடும் என்பாள். அவள் அப்படிப்பட்டவள். அப்போது நான் ஆமென் சொல்ல வேண்டும். மனசாரச் சொல்ல முடிகிற மாதிரி ஏதாவது செய், தம்பி.

உன் அக்கா,
வோரி