உதடு தெரிய வேண்டும்

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். கிரேஸுக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். காது கேட்கிறது, குக்கர் விசிலுக்குத் திரும்புகிறாள். ஆனால் என் பேச்சு அவளுக்கு வெறும் சத்தம்.

இன்று கேட்டவை: காபி வேணுமா? ஆமா. குளிருதா? ஆமா. நான் யாரு? ஆமா.

மகள் போனில்: "நீங்க சொல்லுதது எதுவுமே அம்மாவுக்கு ஏறல. ஞாயித்துக்கிழமை வாரேன்ப்பா. அம்மாவ பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வாங்க வேண்டியவை: பால், பிரஷர் மாத்திரை, பேனா ரீஃபில்.

நவ. 11, செவ்வாய்

பாபநாசம். குரங்குகள் பற்றி ஞாயிறு மலர் கட்டுரை, தள்ளிப்போட வழியில்லை. கிரேஸுடன் பக்கத்து வீட்டு மும்தாஜ்.

குரங்குகளை ஆராய்பவர் அம்பாசமுத்திரத்துப் பெண். தாய்க்குரங்கு உதட்டைப் படபடவென்று அடித்ததாம். குட்டி அந்த வாயையே பார்த்தபடி கிட்டே வந்ததாம். நான் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன்.

"காது மட்டும் இல்ல சார். மூளையில சத்தம் கேக்குத எடத்துக்கே, கண்ணு பாக்குத வாயசைவும் வந்து சேருது. மனுசனுக்கும் அப்படித்தான். சந்தக்கடை இரைச்சல்ல, வாயைப் பாத்தா பேச்சு வெளங்கும்லா? நீங்கதான் குனிஞ்ச தலை நிமிரலயே!"

திரும்பும் பேருந்தில் உறைத்தது. முப்பத்தொரு வருட நிருபர் பழக்கம்: கேள்வி கேட்டதும் தலை நோட்டுக்குப் போய்விடும். கிரேஸிடமும் அதுவே. அவளுடைய ஒவ்வொரு "ஆமா"வுக்கும் நேரம் குறித்திருக்கிறேன். முகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை.

நவ. 13, வியாழன்

நோட்டு அலமாரிக்குள். எதிரே நாற்காலி, சன்னல் வெளிச்சம் என் முகத்தில். "தண்ணி வேணுமா?" கண்ணைச் சுருக்கி என் வாயைத் தேடினாள். "ஆமா." பன்னிரண்டு தடவை.

மும்தாஜ் வந்து அதையே கேட்டாள். "மைனி, தண்ணி வேணுமா?" கிரேஸ் தலையை ஆட்டி மறுத்தாள். ஏழு வாரத்தில் முதல் மறுப்பு.

"அண்ணே, ஒங்க வாய் எங்கன இருக்கு? மீசைக்குள்ளல்லா கெடக்கு!"

நவ. 14, வெள்ளி

ஜங்ஷன் சலூன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெளையாடுதியளா அண்ணாச்சி? பந்தயத்துல தோத்துட்டியளாக்கும்?"

"மீசையை எடும் வே."

மேலுதட்டில் காற்று. கண்ணாடியில் என் அப்பா.

நேரே வந்து எதிரே உட்கார்ந்தேன். "கிரேஸ், தண்ணி வேணுமா?" உதடு முழுக்கத் தெரிய, நிறுத்தி நிறுத்தி.

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். மறுபடி கேட்டேன். மறுபடி வாசல். என் குரல் வந்துவிட்டது. ஆளைக் காணவில்லை அவளுக்கு.

என் கையால் சாப்பிட மறுத்துவிட்டாள்.

நவ. 15, சனி

நல்ல மழை. மகள் நாளை காலை ரயிலில் வந்துவிடுவாள்.

மும்தாஜ் இட்லி ஊட்டினாள். "மைனி, அண்ணந்தான் இது." கிரேஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

பதினொரு மணிக்கு எதிரே போய் அமர்ந்தேன். ஆள்காட்டி விரலை மீசை இருந்த இடத்தில் குறுக்கே வைத்தேன். "ஏட்டி, நான்தான்."

வெகுநேரம் பார்த்தாள். கை நீட்டி விரலை விலக்கினாள். அந்த மொட்டை இடத்தைத் தடவினாள். கையை எடுக்கவில்லை.

"தண்ணி வேணுமா?"

தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"மக கூடப் போறியா?"

என் வாயையே பார்த்தாள்.

"ஆமா."

மறுபடி கேட்கவில்லை.