பெட்டி திறந்துவிட்டது, முரளி

என் அன்புக்கும் என் கம்படிக்கும் ஒன்றுபோல ஈடுகொடுத்த முரளிக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி திறந்துவிட்டது. போன ஞாயிறு காலை, ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு ஹாலில், உன் மனைவி சுதாவின் கையால் திறந்தது. நீ எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொள். எனக்கும் இப்போதுதான் மூச்சு சரியாக வருகிறது.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. உன்னைப் போலவே வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரை வளர்த்துக்கொண்டு, அதன் பாஸ்வேர்டை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இந்த ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

பழைய பாகங்களை வாங்கி வாங்கி நீ சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் அது. டிவிக்குக் கீழே கறுப்பாக உட்கார்ந்திருக்கும். சுதாவும் நானும் அதற்குப் பெட்டி என்றே பெயர் வைத்துவிட்டோம். உங்கள் போன் வீட்டு வைஃபைக்குள் நுழைந்ததும், அன்றைக்கு எடுத்த படம், வீடியோ எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். போன் காலியாகிவிடும். "நம்ம வீட்டுப் போட்டோ நம்ம வீட்லதான்டா இருக்கணும். எவன் வீட்டு மெஷின்லயோ எதுக்குக் கெடக்கணும்?" என்பாய். நெருப்பு பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, இன்னொரு நகலை ஒரு டிஸ்க்கில் போட்டு, தென்னூரில் என் வீட்டு பீரோவில் வைத்தாய். கெட்டிக்காரன்தான். அதற்கும் அதே பூட்டு, அதே பாஸ்வேர்டு. யாரிடமும் சொல்லாத பாஸ்வேர்டு.

நீ திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் பெட்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுதா அவ்வப்போது டிவியில் உன் வீடியோவைப் போட்டு உன் மகள் யாழினிக்குக் காட்டுவாள். கரண்ட் போனாலும் யு.பி.எஸ். தாங்கிவிடும். ஆனால் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துகிற நாள் ஒன்று வருமே, அதைத் தாங்க அந்த பேட்டரிக்குத் தெம்பு இல்லை. பெட்டி அணைந்தது. சாயங்காலம் உயிர் வந்ததும் பாஸ்வேர்டு கேட்டது. கேட்டது கேட்டபடி நின்றது.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டி வந்தேன். ஸ்க்ரீனைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுத் தரேங்க. உள்ள இருக்கறது வராது," என்றார். சுதா காபி கொடுத்து அனுப்பிவிட்டு அடுக்களைக்குள் போனவள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

போட்டோ போனால் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். யாழினிதான் எங்களை உலுக்கிவிட்டாள். பெட்டி நின்று பல மாதம் ஆன பிறகு ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, அப்பா எப்படிப் பேசுவாரு? எனக்கு வாய் அசையறது மட்டும் ஞாபகம் இருக்கு," என்றாளாம். நீ போனபோது அவளுக்கு நாலு வயதுதானே. நீயோ வாட்ஸ்அப்பில்கூட எழுத்தாகவே அனுப்புகிற ஆள். என் போனைக் குடைந்து பார்த்தேன். உன் குரல் ஒரு இடத்திலும் இல்லை. நான் உன்னைப் போலப் பேசிக் காட்டினேன். குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது மாமா குரல்," என்றாள். உன்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, எதிரில் இருந்திருந்தால் கம்பை எடுத்திருப்பேன்.

ஆனால் உனக்குப் பிறகு கம்பை நான் தொடவே இல்லை. யாரோடு ஆடுவது? டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் என்று, "நடக்கறது போரடிக்குதுடா," என்று திருவானைக்காவல் சிலம்ப வகுப்புக்கு என்னையும் இழுத்துப் போனவன் நீதானே? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் இரண்டு தொப்பைகள். ஆரம்பத்தில் மாஸ்டர் கம்பையே கொடுக்கவில்லை. சாக்பீஸால் தரையில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, நடுக்கட்டத்தில் நிற்கவைத்துக் காலடி பழக்கினார். அப்புறம் சோடி ஆட்டம். நான் அடிப்பவன், நீ தடுப்பவன். கடைசி வரைக்கும் அதை நாம் மாற்றிக்கொள்ளவே இல்லை. உன் வீட்டு மொட்டை மாடியில் எத்தனை ஞாயிறு, காலடி வரிசை மாறாமல், அந்த ஒரே ஆட்டத்தை ஆடியிருப்போம்!

போன ஞாயிறு போயிருந்தபோது சுதா சும்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "பெட்டி நின்னு போச்சுன்னா அவர் நின்னுக்கிட்டேதான் திறப்பாருண்ணா. ஓரத்துல நம்பர் இருக்கே, அதைத்தான் ஒரு கையால தட்டுவாரு. அந்த நேரத்துல காலு சும்மாவே இருக்காது. என்னங்க ஆடறீங்கன்னு கிண்டல் பண்ணுவேன்."

கீபோர்டைப் பார்த்தேன். வலது ஓரத்தில் எண்கள். மூன்றுக்கு மூன்று. நடுவில் ஐந்து. எனக்குப் புல்லரித்துப் போயிற்று. அடப்பாவி, மாஸ்டர் போட்ட கட்டத்தையா கொண்டுவந்து இதில் வைத்தாய்?

முதலில் என் காலடி வரிசையை எண்களாக அழுத்தினேன். திறக்கவில்லை. சரி, என் காலடியை நீ எதற்கு வைக்கப் போகிறாய்? கண்ணை மூடி, நீ தடுத்து நகர்கிற காலடியை நினைவில் ஓட்டிப் பார்த்து அழுத்தினேன். அதுவும் இல்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் தவறு என்றது. நான் நினைத்தது வீண் கற்பனை என்று தோன்றிவிட்டது. சுதாவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. வீணாக ஆசை காட்டிவிட்டோமே என்று.

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, அவர் மொதல்ல வலது பக்கம்தானே போவாரு? நீங்க இடது பக்கம் தட்டறீங்க."

"இல்லம்மா. இடதுதான். எத்தனை வருஷம் பாத்திருக்கேன்."

"நீங்க அவருக்கு எதிர்ல நின்னு பாத்தீங்க. நான் பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டுப் பாத்தேன்."

நீ வலப்பக்கம் வைத்த காலை நான் என் இடப்பக்கமாகவே பார்த்திருக்கிறேன். நீ முன்னால் வந்தால் என் கண்ணுக்கு அது கீழே இறங்குவதாகத் தெரிந்திருக்கிறது. பார்த்தபடியே அழுத்தியிருக்கிறேன். உன்னை எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று மார் தட்டிக்கொண்டு திரிந்தேன். தலைகீழாகத்தான் பாடம் ஆகியிருக்கிறது.

சுதா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஹாலில் மொசைக் தரைதானே, கட்டத்துக்குப் பஞ்சமில்லை. வலது, முன்னால், நடு என்று அவள் பாட்டுக்கு நடந்தாள். சிலம்பம் என்றாலே "தடியடி" என்று நம்மைக் கேலி செய்தவள், முரளி! நாலைந்து அடி போய் நின்றுவிட்டாள். "அப்புறம் மறந்து போச்சுண்ணா. நீங்க அடிங்க, அப்பதான் வரும்."

மூலையில் தரை துடைக்கிற மாப் இருந்தது. அதன் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் நின்றேன். மெதுவாகத் தோளுக்கு ஒன்று இறக்கினேன். அவள் கால் தானாகப் பின்னால் போயிற்று. காலுக்கு ஒன்று வீசினேன். பக்கத்துக் கட்டத்துக்கு ஒதுங்கினாள். உன் ஒதுங்கல். அதே அலட்சியம். யாழினி சோபாவில் ஏறி நின்று கைதட்டினாள். கடைசி அடிக்கு நடுக்கட்டத்துக்குத் திரும்பி வந்து கும்பிட்டாள் சுதா. நடந்து வந்த வரிசையை ஒரு தரம் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, அவளே போய் எண்களை அழுத்தினாள்.

பாஸ்வேர்டு கேட்பது நின்று, ஸ்க்ரீனில் வெள்ளை எழுத்து கடகடவென்று ஓடியது. அதைவிட அழகான எழுத்தை நான் பார்த்ததில்லை. சுதா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நானும் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

கைக்கு வந்த முதல் வீடியோவைப் போட்டோம். பெரிதாக ஒன்றுமில்லை. மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, "சுதா, என் ஸ்க்ரூ டிரைவரை யாரு எடுத்தா?" என்று கத்துகிறாய். அவ்வளவுதான். யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா குரல் இவ்ளோ கீச்சுன்னு இருக்கும்னு நீங்க யாருமே சொல்லலியே!" மறுபடி போடச் சொன்னாள். மறுபடி. உன் குரல் மணிக்கணக்காக அந்த வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் தேடியது.

வீடியோக்களையெல்லாம் பூட்டில்லாத ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டோம். பெட்டியின் பூட்டையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சுதா யோசிக்காமல் வேண்டாம் என்றாள். அவரோட நடை அதுல இருக்கட்டும் என்றாள். நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை? மறந்துவிட்டாயா, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாயா? கேட்டு என்ன ஆகப்போகிறது. எனக்கு நிம்மதியாக இருக்கிறது, முரளி. அது போதும்.

கிளம்பும்போது சுதா வாசல்வரை வந்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை கம்பு எடுத்துட்டு வாங்கண்ணா. அவர் ஆடறது எனக்கு வரும்போல இருக்கு. எதிர்ல நிக்கத்தான் ஆள் வேணும்."

நிற்கிறேன்டா. வாக்குத் தருகிறேன். மெதுவாகத்தான் அடிப்பேன்.

உன் மகளுக்குத் தாய்மாமன் முறையான,
உன் மச்சான்
சரவணன்
தென்னூர்